பல்லி சொன்ன ஒரே பொய்

நாம் ஏதோ பேசிக்கொண்டிருக்கிறோம். மேலே சுவரிலிருந்து பல்லி "ச்ச்... ச்ச்..." என்கிறது. உடனே என்ன செய்கிறோம்? பேச்சை அப்படியே நிறுத்திவிட்டு, "பாரு, பல்லியே சொல்லிடுச்சு" என்கிறோம். விரலை மடக்கித் தரையில் டொக் டொக்கென்று தட்டுகிறோம். எதற்குத் தட்டுகிறோம், யார் வீட்டுக் கதவைத் தட்டுகிறோம் என்று என்றைக்காவது யோசித்ததுண்டா?

அந்தக் காலத்தில் பிராணிகள் எல்லாம் நம்மைப் போலவே பேசும். ஒரே ஒரு கட்டுப்பாடு. மனுஷர் பொய் சொன்னால் ஒன்றும் ஆகாது; பிராணி பொய் சொன்னால் பேச்சு போய்விடும். போனது போனதுதான். அதனால் காக்கைகூட யோசித்துத்தான் வாயைத் திறக்கும்.

பிராணிகளிலேயே பெரிய வாயாடி பல்லி. எல்லா வீட்டுக் கூரையிலும் அதற்கு இடம் உண்டு. யார் வீட்டில் குழம்பு தீய்ந்தது, யார் மாமியாரிடம் மூஞ்சியைத் தூக்கி வைத்திருக்கிறாள், எல்லாம் அதற்கு அத்துப்படி. வம்பு பேசும், பொய் பேசாது. பிள்ளைகள் அதைப் பல்லியத்தை என்று கூப்பிட, பெரியவர்களுக்கும் அதுவே வாயில் வந்துவிட்டது.

ஒரு வருஷம் இரண்டு ராஜாக்களுக்குள் சண்டை மூண்டது. எதற்கென்று சண்டை போட்டவர்களுக்கே தெரியாது. நடுவில் மாட்டிக்கொண்டது மாராயி என்கிற பெண்ணின் ஊர். ஆண்களைப் படைக்குப் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள். ஒரு நாள் குதிரைகள் வருகிற சத்தம் கேட்டதும், மிச்சமிருந்த பெண்களும் பிள்ளைகளும் கையில் கிடைத்ததை எடுத்துக்கொண்டு ஓடினார்கள். மாராயி ஒரு கூடையைத் தலையில் வைத்தாள், மகள் அரும்பை இடுப்பில் தூக்கினாள், கதவை இழுத்துச் சாத்தினாள்.

"ஐயோ, என் வாலு!"

கதவு நிலையில் ஊர்ந்துகொண்டிருந்த பல்லியின் வால் கதவிடுக்கில் மாட்டிக்கொண்டது. திரும்பத் திறக்க நேரமில்லை. பல்லி வாலைக் கழற்றி உள்ளேயே விட்டுவிட்டுக் கூடைக்குத் தாவியது.

எல்லோரும் முன்னால் பார்த்து ஓடினார்கள். கூடையின் பின்விளிம்பில் ஒட்டிக்கொண்டிருந்த பல்லி மட்டும்தான் பின்னால் பார்த்தது.

"மாராயி, உன் வீட்டுக் கூரை..." என்று ஆரம்பித்தது.

"சொல்லாதே அத்தை. பிள்ளை காதுல விழும்" என்றாள் மாராயி. அதற்குள் அவள் மூக்குக்கே புகை வாசம் வந்துவிட்டது.

வம்புக்கென்றே பிறந்த பல்லி, அந்த ஒன்றை மட்டும் யாரிடமும் சொல்லவில்லை.

ஆற்றுக்கு அக்கரையில் இருந்த ஊரார் நல்லவர்கள். காலியாகக் கிடந்த நெல் கிடங்கைத் திறந்துவிட்டார்கள். சாப்பிடக் கம்பு கொடுத்தார்கள், எரிக்க விறகு கொடுத்தார்கள். வயிற்றுக்குக் குறையில்லை. பிள்ளைகள்தான் பிள்ளைகளாக இல்லை. உலக்கை போட்டால் போதும், குதிரைக் குளம்பென்று நினைத்துக் கூடைக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளும். சரி, இடிக்கவே வேண்டாம் என்று பெண்கள் கம்பை முழுசாக வேகவைத்தார்கள். மென்றால் தாடை வலிக்கும். ஒருத்தியும் வாய் திறந்து குறை சொல்லவில்லை.

அரும்பு மெல்லவும் இல்லை, பேசவும் இல்லை. ஊரில் இருந்தவரை கிலுகிலுப்பை மாதிரி ஓயாத பிள்ளை. ஆற்றைக் கடந்ததிலிருந்து ஒரு சொல் கிடையாது. வாயில் வைத்த கவளத்தைக் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு, கிடங்கின் வெள்ளைச் சுவரையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள்.

"அந்தச் சுவத்துல அப்படி என்னதாண்டி இருக்கு?" என்று கேட்டாள் காத்தாயி. ஊரில் அவள் அடுத்த வீடு. இங்கே அடுத்த பாய்.

"ஒண்ணும் இல்லைக்கா. அதுதானே கஷ்டம்."

சொல்லிவிட்டு மாராயி எழுந்தாள். அடுப்பிலிருந்து ஒரு கரித்துண்டை எடுத்து, சுவரில் கூரை ஒன்று போட்டாள். அது கோணலாக வந்தது.

"இது வீடா, கவுத்து வச்ச முறமா?" என்றாள் காத்தாயி.

"வாய் பேசுறதுக்கு நீ வந்து போடேன், பார்ப்போம்."

காத்தாயி சேலையைச் செருகிக்கொண்டு வந்தாள். அவளைப் பார்த்து இன்னொருத்தி, அவளைப் பார்த்து மற்றவர்கள். செம்மண்ணைக் குழைத்தார்கள். அவரை இலையைக் கசக்கிப் பச்சை எடுத்தார்கள். மஞ்சளில் சுண்ணாம்பைக் கலந்து சிவப்பாக்கினார்கள். தேங்காய் நாரைக் குச்சியில் கட்டிக்கொண்டு, விட்டுவந்த ஊரைச் சுவரில் எழுப்ப ஆரம்பித்தார்கள். அத்தோடு சண்டையும் ஆரம்பித்தது.

"கிணறு புளியமரத்துக்குக் கிழக்கேடி."

"மேற்கே! தினமும் தண்ணி எடுத்தவ நானா, நீயா?"

"பல்லியத்தை, நீயே சொல்லு."

"வடக்கே" என்றது பல்லி. "தண்ணி எடுக்கப் போனீங்களா, கதை பேசப் போனீங்களா?"

ஒரு நாள் காத்தாயி தன் ஆட்டை வரைந்தாள். பின்னாலிருந்து அவள் மகன் சடையனின் குரல் வந்தது. "எங்க கறுப்பிக்கு ஒரு காது கிழிஞ்சிருக்கும். ரெண்டு காதும் நல்லா இருந்தா அது எங்க கறுப்பியே இல்லை."

காத்தாயி கையிலிருந்த சட்டி நழுவியது. மகன் பேசி எத்தனை காலம்!

அவ்வளவுதான், பெண்களுக்கு வழி தெரிந்துவிட்டது. வேண்டுமென்றே தப்புத் தப்பாகப் போட்டார்கள். நாய்க்குக் கொம்பு வைத்தார்கள். முருங்கை மரத்தில் பூசணியைத் தொங்கவிட்டார்கள். "அப்படி இல்லை! அப்படி இல்லை!" என்று பிள்ளைகள் கத்திக்கொண்டே வந்து கரியைப் பிடுங்கினார்கள். "இது சரிதானே அத்தை?" என்று பெண்கள் கண்ணடித்துக் கேட்டால், பொய் சொல்ல முடியாத பல்லி வாயை இறுக மூடிக்கொண்டு நழுவிவிடும்.

அரும்பு மட்டும் அசையவில்லை. மாராயி தன் வீட்டு வாசலில் யானையைக்கூடக் கட்டிப் பார்த்தாள். பிறகு யானையை அழித்துவிட்டு, வீட்டை இருந்தது இருந்தபடியே போட்டாள். திண்ணை, நெல் குதிர், கூரைமேல் பூசணிக்கொடி. கடைசியில் கதவு. திறந்தபடி போடத்தான் நினைத்தாள். கை சாத்தித்தான் போட்டது. கடைசியாகச் சாத்திய கை அல்லவா?

சாயம் காய்வதற்குள் அரும்பு எழுந்து வந்தாள். விரலை மடக்கி அந்தக் கதவைத் தட்டினாள். டொக் டொக்.

எல்லோர் கையும் நின்றது.

"பல்லியத்தை."

"என்ன கண்ணு?" என்றது பல்லி.

"உன் வாலு எங்க வீட்டுக்குள்ளதானே இருக்கு?"

"ஆமா, உங்கம்மா புண்ணியத்துல."

"அதுகிட்ட கேட்டுச் சொல்லு. எங்க வீடு இருக்கா?"

"இருக்குடி செல்லம், அப்படியே..." என்று முந்திக்கொண்டாள் மாராயி.

"உன்னைக் கேக்கலைம்மா. நீ பொய் சொல்லுவே. அத்தைதான் சொல்லாது."

பல்லி மாராயியைப் பார்த்தது. மாராயி பல்லியைப் பார்த்தாள். கூரை எரிந்ததைப் பார்த்தது ஒன்று, புகையை மோந்தது இன்னொன்று. வேறு யாருக்கும் தெரியாது. இல்லை என்றால் பிள்ளை மறுபடி ஊமையாகிவிடும். இருக்கிறது என்றால் பல்லி ஊமையாகிவிடும். பேச்சில்லாத பல்லி என்ன பல்லி? அதற்குச் சொத்து சுகம் எல்லாமே அந்த வாய்தான். வேண்டாம் என்று மாராயி தலையை அசைத்தாள். வேண்டாம் என்பது எதற்கென்று அவளுக்கே தெரியவில்லை.

பல்லி ஊர்ந்து வந்து வரைந்த கதவின்மேல் உட்கார்ந்தது.

"இருக்கு கண்ணு. வாலு பார்த்துச் சொல்லுது. கூரை இருக்கு, குதிர் இருக்கு, கொடியில பூசணி பூத்திருக்கு. எல்லாம் அப்படியே..."

அடுத்த சொல் வரவில்லை. வாய் திறந்தது, தொண்டை அசைந்தது. "ச்ச்."

"அப்புறம்? வாலு வேற என்ன சொல்லுது?" அரும்பு கதவைத் தட்டினாள்.

"ச்ச்... ச்ச்..."

ஆமாம் ஆமாம் என்று சொல்வதாக அவள் எடுத்துக்கொண்டாள். ஒதுக்கி வைத்திருந்த கவளத்தை விழுங்கிவிட்டு அம்மாவின் பக்கம் திரும்பினாள். "இது என்னம்மா, கம்பு கல்லு கல்லா இருக்கு? இடிச்சுப் போடு."

மாராயி உலக்கையை எடுத்தாள். முதல் போடுக்குச் சில பிள்ளைகள் பதறின. அரும்பு பதறவில்லை. உலக்கை விழ விழ, அவளும் கூடவே சுவரைத் தட்டிக்கொண்டிருந்தாள்.

அன்று முதல்தான் பல்லி சுவரே கதியென்று இருக்கிறது, ஆபத்தென்றால் வாலை விட்டுவிட்டு ஓடுகிறது, யார் என்ன பேசினாலும் "ச்ச்" என்ற ஒரே பதிலைச் சொல்கிறது. வாயில்லாத பிராணிக்குப் பொய் சொல்ல வழியில்லை; அதனால்தான் அதன் சத்தத்தை இன்றைக்கும் சத்தியமாக எடுத்துக்கொள்கிறோம். கேட்டதும் தட்டுகிறோம்.

முதலில் தட்டியது அரும்பு. அவள் உண்டு முடித்து, ஊர்ப் பிள்ளைகளோடு ஆற்று மணலுக்கு ஓடிய பிறகு, இரண்டாவதாகத் தட்டியது மாராயி. கையெல்லாம் கம்பு மாவு. புகையை மோந்தவள், எல்லாம் தெரிந்தவள். இருந்தாலும் அந்தக் கதவருகே போய் நின்று, மெதுவாகத் தட்டி, சுவரோடு சுவராகக் குனிந்து கேட்டாள்:

"எனக்கும் ஒரு தடவை சொல்லேன், அத்தை."