உருண்டையை விட்டு இறங்கிய பூவாத்தா

காட்டு ஓரத்தில் ஒரு யானை லத்தி போட்டுவிட்டுப் போயிருந்தது. விடிந்ததும் விடியாததுமாகச் சாணிவண்டுகள் பந்திக்கு வந்த கூட்டமாய்ச் சூழ்ந்துகொண்டன. ஆளுக்கோர் உருண்டை பிடித்து வளைக்கு உருட்டிக்கொண்டு போக வேண்டும். அந்த உருண்டைக்குள்தான் முட்டை வைப்பார்கள். பொரிந்து வரும் பிள்ளைக்கு அதுதான் சோறு.

அந்த வண்டுகளிடம் ஒரு வழக்கம் இருந்தது. புருஷன் உருண்டையைத் தள்ள வேண்டும், பெண்டாட்டி அதன் மேலே ஏறி வர வேண்டும். அவள் இறங்கித் தள்ளிவிட்டால் போச்சு. புருஷன் கையாலாகாதவன் என்று வளைக்கு வளை பேச்சாகிவிடும்.

மலையாண்டி என்ற வண்டுக்கு அன்று பெருமை பிடிபடவில்லை. முந்தின நாள் பிடித்ததைப் போல் இரண்டு மடங்கு பெரிய உருண்டை பிடித்திருந்தான்.

"எப்படி இருக்கு புள்ள, நம்ம உருண்டை?" என்று பெண்டாட்டியைக் கேட்டான்.

"பெரிசாத்தான் இருக்கு. தள்ளிடுவீங்களா?" என்றாள் பூவாத்தா.

"இந்தக் காலைப் பார்த்துக் கேக்கிற கேள்வியா இது! ஏறு மேலே."

பூவாத்தா ஏறிக்கொண்டாள்.

லத்திக்கும் வளைகளுக்கும் நடுவே வெட்டவெளி. அங்கே ஒரு மரக்கட்டையின் மேல் மைனா உட்கார்ந்திருந்தது. அது இந்தப் பக்கம் பார்த்தால், கீழே கிடக்கும் தேக்கு இலைகளுக்கு அடியில் ஒளிய வேண்டும். அந்தப் பக்கம் திரும்பினால் அடுத்த இலைக்கு ஓட வேண்டும். நின்ற இடத்திலிருந்து சட்டென்று வேகம் பிடிக்காதவன் அன்றைக்கு மைனாவின் வயிற்றில்தான்.

மைனா திரும்பியது. பக்கத்து வளைக்காரன் செவத்தான் சின்ன உருண்டையோடு விருட்டென்று போய் அடுத்த இலைக்குள் நுழைந்துவிட்டான். மலையாண்டியும் மூச்சைப் பிடித்துத் தள்ளினான். உருண்டை அசைந்தது, மெல்ல உருண்டது, அப்புறம்தான் கொஞ்சம் வேகம் எடுத்தது. மயிரிழையில் தப்பித்தார்கள்.

"என் காலுக்கு என்ன ஆச்சு?" என்று அவனுக்கே சந்தேகம் வந்துவிட்டது. வெளியே சொல்வானா? அடுத்த ஓட்டத்தில் பல்லைக் கடித்துக்கொண்டு தள்ளினான். உருண்டை வேகம் பிடிப்பதற்குள் மைனா பார்த்துவிட்டது. பாய்ந்து கொத்தியது. அலகு பூவாத்தாவின் முதுகை உரசிக்கொண்டு போனது. கடைசி இலைக்குள் எப்படி விழுந்தார்கள் என்று அவர்களுக்கே தெரியாது.

மைனா விடவில்லை. இலையின் ஒரு முனையைப் பிடித்துப் புரட்ட ஆரம்பித்தது. வளை இன்னும் ஒரு முழத் தூரத்தில் இருந்தது.

மலையாண்டி அவள் முதுகில் பட்ட காயத்தைப் பார்த்தான். "இந்த உருண்டைக்காக உன்னையே பறிகொடுத்திருப்பேனே, புள்ள. பாதியை வெட்டிப் போட்டுட்டு ஓடிடலாம்."

"பாதி போனா பிள்ளை அரை வயிறாக் கிடக்கும். கால்ல என்னமோ ஆச்சுன்னுதானே நினைக்கிறீங்க? உங்க கால்ல ஒரு குறையும் இல்லை. நேத்துத் தள்ளின அதே தள்ளுதான். பாரம் இரண்டு மடங்கு ஆனதால பாதி வேகந்தான் பிடிக்குது. அதுல நான் வேற மேலே. நான் இறங்கிட்டா பாரம் குறையும். சேர்ந்து தள்ளினா பலம் கூடும்."

"அத்தனை பேரும் வளை வாசல்ல நின்னு பார்க்கிறாங்களே."

"பார்த்துட்டுப் போகட்டும்," என்று சொல்லி அவள் இறங்கிவிட்டாள். அவன் பக்கத்திலேயே காலை ஊன்றினாள்.

"தள்ளுங்க!"

இருவரும் ஒன்றாகத் தள்ளினார்கள். முக்கி முனகி நகர்ந்த உருண்டையா இது என்று மலையாண்டிக்கே ஆச்சரியம். எடுத்த எடுப்பிலேயே கிளம்பிவிட்டது. பின்னால் இலை புரண்டது. மைனா இரண்டே தத்தலில் வந்து ஓங்கிக் கொத்தியது. அதற்குள் அவர்கள் உருண்டையோடு வளைக்குள் இறங்கிவிட்டார்கள். மைனாவின் வாயில் மண்தான் மிச்சம்.

மைனா பறந்துபோன பிறகு செவத்தான் வாசலில் வந்து நின்றான். "பெண்டாட்டியைத் தள்ள வச்சுட்டியேப்பா, மலையாண்டி," என்று இளித்தான்.

மலையாண்டி நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வெளியே வந்தான். "ஆமா, தள்ளினா. இந்தக் காட்டிலேயே பெரிய உருண்டை இப்ப என் வளையில இருக்கு. அதைத் தள்ளினதுல பாதி பலம் என் பூவாத்தாவோடது. நல்லாக் கேட்டுக்கோ, போய் நாலு பேர்கிட்டச் சொல்லு."

உள்ளே பூவாத்தா முதுகுக் காயத்தையும் பொருட்படுத்தாமல் முட்டை வைக்க இடம் பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் சொன்னது காதில் விழுந்ததும் அவளுக்கு மனசு நிறைந்துவிட்டது.

செவத்தான் தன் வளைக்குத் திரும்பினான். அங்கே அவன் பெண்டாட்டி, "நாளைக்கு நானும் இறங்கித் தள்ளப்போறேன், பெரிசாவே பிடிங்க," என்றாள்.

தள்ளும் பலம் மாறாமல் பாரம் மட்டும் கூடினால் வேகம் பிடிப்பது குறையும்; ஆகவே பெரிய பாரத்தை எடுப்பவர் வெட்டிப் பெருமையை விட்டுவிட்டுத் துணைக்கு வரும் பலத்தைச் சேர்த்துக்கொள்ள வேண்டும்.