பீடத்துக்கு மேலே ஓர் ஓட்டை

இங்கிலாந்துப் பக்கம் ஒரு காலத்தில் ஆல்ட்ரிக் என்று ஒரு ராஜா இருந்தாராம். சாப்பாடு ருசியாக அமைந்துவிட்டால் போதும், பக்கத்தில் இருப்பவனுக்கு எதையாவது தூக்கிக் கொடுத்துவிடுவார். மறுநாள் மறந்தும் போவார். எந்த ஊர்க் கோயிலுக்கு யார் சாமியார் என்பதும் அவர் இஷ்டம்தான்.

அவர் சபையில் ஆஸ்மண்ட் என்று ஒரு சாமியார். ஜெபத்தில் அப்படியொன்றும் பெரிய ஆள் இல்லை, வாய்தான் அவருடைய சொத்து. ஒரு விருந்தில் ராஜாவுக்குப் புரையேறும் அளவுக்குச் சிரிப்புக் காட்டினார். "ஓக்வின் ஊர்க் கோயிலுக்கு இனி நீதான் பங்குச் சாமியார்" என்றார் ராஜா. முடிந்தது கதை.

ஆஸ்மண்ட் அரண்மனையிலேயே இருந்துகொண்டு ஆள் அனுப்புவார்; ஊரார் விளைச்சலில் பத்தில் ஒன்றைத் தசமபாகமாகக் கொடுத்துவிடுவார்கள். கோதுமை வரும், ஆட்டுக்குட்டி வரும், கொழுத்த வாத்து வரும். ஆஸ்மண்ட் எல்லாவற்றையும் பக்தியோடு சாப்பிடுவார். ஓக்வின் எந்தத் திசையில் இருக்கிறது என்று கேட்டால் மட்டும் கொஞ்சம் யோசிப்பார்.

ஒரு மழைக்காலத்தில் ஈடித் என்ற பெண் நனைந்துபோய்ச் சபைக்கு வந்து சேர்ந்தாள்.

"மகாராஜா, நான் ஓக்வின்லேர்ந்து வர்றேன். எங்க கோயில் கூரை பொத்துக்கிச்சு. அடுத்த வாரம் மகளுக்குக் கல்யாணம். பங்குச் சாமியார்கிட்ட சொல்லலாம்னா அவர் முகத்தையே நாங்க பார்த்ததில்ல. வாத்து வாங்க வர்ற ஆளைத்தான் தெரியும்."

ராஜா வாய் திறப்பதற்குள் ஆஸ்மண்ட் சட்டென்று முந்திக்கொண்டார்.

"ஏம்மா, ஓட்டை எந்தப் பக்கம்? ஜனங்கள் நிற்கிற பக்கத்தை ஊரார்தான் வேய வேண்டும். பூசை வைக்கிற பீடத்துக்கு மேலே இருப்பது மட்டும்தான் சாமியார் பொறுப்பு. அதுதானே வழக்கம்?"

"பீடத்துக்கு நேர் மேலேங்க சாமி. எங்க பக்கம் ஒரு சொட்டு ஒழுகாது, நாங்க வேஞ்சதாச்சே."

கேட்காமலே இருந்திருக்கலாம் என்று ஆஸ்மண்ட் தன்னையே திட்டிக்கொண்டார்.

ராஜாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "ஊரான் வீட்டு வாத்தைத் தின்றுவிட்டு எட்டிக்கூடப் பார்க்கவில்லையா? அவனை நீக்கிவிட்டு வேறு ஆளைப் போடுகிறேன்."

பதவி போனால் வாத்து போச்சு. மிச்சம் அரண்மனைக் கஞ்சிதான். ஆஸ்மண்டுக்குக் கண் கலங்கியேவிட்டது. வேறு வழியில்லாமல் தன் ஒரே சொத்தான வாயைத் திறந்தார்.

"அரசே, நீக்கினால் அந்த மனுஷன் நிம்மதியாகப் போய்விடுவான். புதிதாக வருகிறவனும் வாத்துக்குத்தான் ஆள் அனுப்புவான், கூரை அப்படியே கிடக்கும். பதவியை அவனுக்கே விட்டுவிடுங்கள். சொந்தச் செலவில் வேய்ந்து முடிக்கிறவரை அந்த ஓட்டைக்குக் கீழேயே நின்று பூசை வைக்கட்டும். தொப்பி கூடாது. சாமியார்களுக்குத்தான் உச்சந்தலையில் வட்டமாக மழித்திருக்கிறதே, மழைக்குக் குறி தப்பாது."

அந்தக் கடைசி வரியைச் சொல்லியிருக்க வேண்டாம். ஆனால் நாக்கு நுனிக்கு வந்த வேடிக்கைப் பேச்சை விழுங்குகிற பழக்கம் அவருக்குக் கிடையாது. வாத்தைத்தான் விழுங்குவார்.

ராஜா தொடையைத் தட்டிச் சிரித்தார். "இதுதான் தீர்ப்பு. பதவி அவனுக்கே இருக்கட்டும். ஆமாம், யார் அந்த ஆள்? அந்த மண்டையை நான் பார்த்தாக வேண்டுமே."

சபை சுற்றுமுற்றும் பார்த்தது. ஆஸ்மண்ட் மெல்லத் தன் தொப்பியைக் கழற்றினார். மழித்த உச்சியிலிருந்து வியர்வை வழிந்து மூக்கு நுனியில் சொட்டியது.

"அரசே, இங்கே மழை ஆரம்பித்தே விட்டது."

ராஜாவுக்கு மறுபடியும் புரையேறியது. சிரித்து ஓய்ந்ததும், வழக்கம்போல் பரிசு கொடுத்தார். இந்த முறை ஓர் ஏணி.

ஏணியின் முன்பக்கத்தை ஈடித் பிடித்துக்கொண்டாள். பின்பக்கத்தைத் தோளில் வைத்துக்கொண்டு நடந்த ஆஸ்மண்ட், அரண்மனை வாசலில் நின்றுவிட்டார்.

"ஏம்மா, நம்ம ஊருக்கு எந்தப் பக்கம் திரும்பணும்?"