பாகல் விழுங்கிய சொல்

அந்தக் காலத்தில் சமையற்கட்டு இப்போது போல ஓசையடங்கி இருக்காது. காய்கள் பேசும். கத்தரிக்காய் அரிவாள்மனைக்கு முன்னால் உட்கார்ந்துகொண்டு தன் நிறத்தைப் பற்றியே பேசும். அவரை, வேலியில் தொங்கியபோது காதில் விழுந்த ஊர்வம்பையெல்லாம் சட்டிக்குள் போகும் வரை சொல்லிக்கொண்டிருக்கும். பூசணி ஒரு பேச்சைப் பேசி முடிப்பதற்குள் உலை பொங்கிவிடும். அறுபடுவதைப் பற்றி அவற்றுக்குப் பெரிய கவலை கிடையாது. நாலு விதையை எடுத்துச் சாம்பலில் புரட்டி வைத்துவிட்டால் அடுத்த ஆடியில் திரும்பி வந்துவிடலாம் என்று அவற்றுக்குத் தெரியும்.

இப்போதெல்லாம் சாப்பிடுகிறவர்கள் காயைப் பற்றி அபிப்பிராயம் சொல்கிறார்கள். அப்போது காய்தான் சாப்பிடுகிறவர்களைப் பற்றிச் சொல்லும். முதல் வாய் நாக்கில் பட்டதும் அந்த மனிதனின் மனதில் என்ன ஓடுகிறதோ, அதைத் தட்டில் இருக்கிற காய் அப்படியே எடுத்துச் சொல்லிவிடும்.

"உப்பு ஒரு கல் தூக்கல். ஆனாலும் இவருக்குப் பிடிச்சிருக்கு."

"இவரு என்னைச் சாப்பிடல. மாட்டை நினைச்சுக்கிட்டு மென்னுக்கிட்டு இருக்காரு."

அதனால் சமைத்தவள் எதையும் கேட்க வேண்டியதில்லை. சாப்பிடுகிறவன் எதையும் சொல்ல வேண்டியதில்லை. காய்களுக்குப் பொய் சொல்லத் தெரியாது. அவை சொன்னபின் அதற்கு மேல் பேச்சும் இல்லை.

யாரையும்விடத் தாண்டவனுக்குத்தான் இந்த ஏற்பாடு வசதியாக இருந்தது. அவன் ஏற்றம் இறைக்கிறவன். மேலே ஒருவர் ஏற்றமரத்தில் முன்னும் பின்னும் நடப்பார். கிணற்றோரம் நின்று, சால் என்கிற பெரிய வாளியைப் பிடித்து இறக்கி, நீர் மொண்டு வந்ததும் வாய்க்காலில் கவிழ்ப்பது தாண்டவன் வேலை. மரத்தில் நடக்கிறவருக்குக் கால் தப்பாமல் இருக்கச் சாலுக்கு ஓரடியாக அவன் பாடியபடி இருக்க வேண்டும். முந்நூறு சால், நானூறு சால் என்று பாடிவிட்டுப் பொழுது சாய வீடு திரும்பும்போது அவன் தொண்டையில் ஒரு சொல் மிச்சம் இருக்காது. கையைக் காலைக் கழுவிவிட்டுத் தட்டின் முன்னால் உட்காருவான். அவ்வளவுதான்.

அவன் மனைவி பூங்காவனம். பேசாத புருஷன் வாய்த்துவிட்டான் என்று அவள் ஒரு நாளும் குறைப்பட்டதில்லை. அவனுக்காகப் பேசத்தான் பாகல் இருந்ததே.

அப்போது பாகற்காய் இனிக்கும். தோல் வெள்ளரிக்காய் மாதிரி வழவழவென்று இருக்கும். கல்யாணமான வருஷம் பூங்காவனம் தாய்வீட்டிலிருந்து முந்தானையில் முடிந்துகொண்டு வந்த விதை அது. பாத்திரம் கழுவுகிற தண்ணீர் ஓடும் இடத்தில் ஊன்றி, கூரை மேல் ஏற்றிவிட்டிருந்தாள். சாயங்காலமானால் முறத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு கொல்லைக்குப் போய், "இன்னிக்கு யாரு வரீங்க?" என்பாள். முற்றின காய்கள் எல்லாம் நான் நான் என்னும். அவள் சுற்றிலும் பார்த்துவிட்டுக் கடைசியில் பாகலைத்தான் பறிப்பாள். கத்தரிக்காய் முணுமுணுக்கும்.

"தினமும் அதையே பறிக்கிறியே, நாங்கல்லாம் எதுக்கு நிக்கறோம்?"

"உன்னைச் சாப்பிட்டா அவருக்கு உடம்பு அரிக்குது. நீயே போன வாரம் சொன்னே."

"சொன்னேன்தான். சொல்லாம இருக்க முடியல," என்று கத்தரி அடங்கிவிடும்.

களியும் பாகற்காய்க் குழம்புமாகத் தட்டு வரும். தாண்டவன் ஒரு வாய் எடுத்து வைத்ததும் பூங்காவனம் கரண்டியைப் பிடித்தபடி தலையைச் சாய்த்து நிற்பாள். அந்த நிற்பு அவனுக்குப் பிடிக்கும்.

"பிடிச்சிருக்கு," என்னும் பாகல். "நேத்தைவிடக் கொஞ்சம் கூடவே."

"நேத்தும் இதையேதான் சொன்னே."

"நேத்து அது உண்மை. இன்னிக்கு இது உண்மை."

தாண்டவன் காது சிவந்து குனிந்துகொள்வான். பாகல் விடாது.

"இன்னொரு கரண்டி கேக்கலாமான்னு யோசிக்கிறாரு."

"கேக்கச் சொல்லு."

"கேக்க மாட்டாரு. நீ போட்டுடு."

பூங்காவனம் சிரித்துக்கொண்டே போடுவாள். பிறகு அவன் சாப்பிட்டு எழுந்த அதே தட்டில் தனக்கும் போட்டுக்கொண்டு உட்காருவாள். அவன் சுவரில் சாய்ந்து அவள் சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டிருப்பான். இப்படிப் பதினோரு வருஷம். வேறு விசேஷம் எதுவும் இல்லாத பதினோரு வருஷம்.

பக்கத்து வீட்டில் பட்டம்மா என்று ஒருத்தி இருந்தாள். ஒருநாள் சாயங்காலம் அவள் புருஷன் சாப்பிட உட்கார்ந்தான். முதல் வாய் உள்ளே போனதும் அவரைக்காய் பளிச்சென்று சொல்லிவிட்டது: "இவ கை பட்டா எதுவும் விளங்காதுன்னு நினைக்கிறாரு." சுவருக்கு இந்தப் பக்கம் தாண்டவனுக்கும் பூங்காவனத்துக்கும் அது கேட்டது. சண்டை எதுவும் நடக்கவில்லை. பட்டம்மா கையைக் கழுவிக்கொண்டாள். கொடியில் கிடந்த புடவையை எடுத்துச் சுருட்டினாள். வாசல் வழியே போனவள் போனவள்தான். அவள் புருஷன் தட்டின் முன்னால் உட்கார்ந்தபடியே இருந்தான்.

பூங்காவனம் கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்தாள். பிறகு சொன்னாள்: "கோவத்துல திட்டினா துடைச்சுப் போட்டுடலாங்க. மனசுக்குள்ள இருந்து எடுத்துச் சொன்னதை என்ன பண்றது? அப்படி ஒரு சொல்லு நம்ம வீட்டுல விழுந்தா நானும் இருக்க மாட்டேன்."

தாண்டவன் தலையை மட்டும் ஆட்டினான். அப்படி ஒரு சொல் தன் மனதில் வரும் என்று அவன் நினைக்கவில்லை.

அதற்கு அடுத்த வருஷம் மழை இல்லை. ஆடி போயிற்று, ஆவணி போயிற்று. கிணற்றில் நீர் கீழே கீழே போக, சாலின் கயிறு நீண்டுகொண்டே போனது. நூறு சால் இறைத்தால் எண்பது சேறாக வந்தது. கொல்லையில் அவரை காய்ந்தது. பூசணி பூவோடு நின்றுவிட்டது. பாத்திரம் கழுவின தண்ணீர் போதும் என்று பாகல் மட்டும் உயிரைப் பிடித்துக்கொண்டு காய்த்தது. பூங்காவனம் முகம் கழுவுகிற தண்ணீரையும் அதன் வேரிலேயே விட்டாள். தினமும் பாகல். குழம்பாக, வதக்கலாக, ஒன்றும் இல்லாத நாளில் வெறுமே வேகவைத்து உப்புப் போட்டு.

"பிடிச்சிருக்கு," என்று பாகல் சொல்லிக்கொண்டுதான் இருந்தது. பிறகு, "பிடிச்சிருக்கு, ஆனா களைப்பா இருக்காரு," என்றது. பிறகு ஒருநாள், "பசிக்கு இதுவாவது இருக்கேன்னு நினைக்கிறாரு," என்றது. பூங்காவனம் அதற்கும் சிரித்தாள். ஆனால் கரண்டியைப் பிடித்திருந்த கை கொஞ்சம் இறங்கியதைத் தாண்டவன் பார்த்தான்.

புரட்டாசி பிறந்த வாரம் கிணறு வற்றியது. நிலத்துக்காரர் வந்து எட்டிப் பார்த்தார்.

"நாளைலேருந்து வர வேணாம்பா. தண்ணி வந்தா சொல்லி அனுப்பறேன்," என்று சொல்லிவிட்டுப் போனார்.

தாண்டவன் சாலைக் கவிழ்த்து வைத்துவிட்டு வீட்டுக்கு நடந்தான். அன்று அவன் பத்து அடிகூடப் பாடவில்லை. தொண்டை நிறையச் சொற்கள் அப்படியே இருந்தன. வழியெல்லாம் அவை புளித்தன. நிலத்துக்காரர் மேல் கோபம் வந்தது. அது நிற்கவில்லை. வானத்தின் மேல் வந்தது. அதுவும் நிற்கவில்லை. வாசற்படி ஏறும்போது அது இறங்க ஒரு இடம் தேடிக்கொண்டிருந்தது.

விளக்கு ஏற்றியிருந்தாள். தட்டில் களி கொஞ்சமாகவும் பாகல் நிறையவும் இருந்தது. தன் பங்குக் களியையும் அவன் தட்டிலேயே வைத்திருந்தாள் என்பது அவனுக்குத் தெரியாது. அவன் கண்ணுக்குப் பாகல்தான் தெரிந்தது. மறுபடியும் பாகல்.

ஒரு வாய் எடுத்து வைத்தான். நாக்கில் இனிப்புப் பட்ட அதே கணத்தில் அந்தச் சொல் மனதில் எழுந்துவிட்டது.

'இவ கால் வெச்ச நேரம்தான் எனக்கு இந்தக் கதி.'

எங்கிருந்து வந்தது என்று அவனுக்கே தெரியவில்லை. பதினோரு வருஷத்தில் ஒருமுறைகூட அவன் நினைத்திராத சொல். ஆனால் வந்துவிட்டது. வந்ததைத் திரும்ப உள்ளே அனுப்ப வழி இல்லை. எதிரே பூங்காவனம் கரண்டியைப் பிடித்தபடி, தலையைச் சாய்த்து, காய் பேசுவதற்காக நின்றுகொண்டிருந்தாள். அவளுக்குப் பின்னால் கொடியில் அவள் மாற்றுப்புடவை தொங்கியது. அதைப் பார்த்ததும் தாண்டவனுக்குப் பட்டம்மா ஞாபகம் வந்தது.

அவன் தட்டைப் பார்த்தான். நறுக்கின பாகல் துண்டுகள் அவனைப் பார்த்தன. 'சொல்லிடாதே' என்று மனதுக்குள் கெஞ்சினான். பாகலுக்கு அதுவும் கேட்டிருக்கும். ஆனால் பொய் சொல்ல அதற்குத் தெரியாது. உண்மையைச் சொன்னால் முந்தானையில் முடிந்து கொண்டுவந்து, முகம் கழுவின தண்ணீர் விட்டு வளர்த்தவள் வாசல் தாண்டிப் போய்விடுவாள்.

அதுவரை எந்தக் காயும் செய்யாத ஒன்றைப் பாகல் செய்தது. வாயை மூடிக்கொண்டு அந்தச் சொல்லை விழுங்கிவிட்டது.

தாண்டவன் வாய் முழுக்கக் கசந்தது. வேப்பம் பட்டையைக் கடித்த மாதிரி, காது மடல் வரைக்கும் கசப்பு ஏறியது. தட்டில் இருந்த துண்டுகளின் தோல் சுருங்கிச் சுருங்கி மேடும் பள்ளமுமாக ஆனது.

பூங்காவனம் இன்னும் நின்றுகொண்டிருந்தாள்.

"என்னாங்க, இன்னிக்கு ஒண்ணும் சொல்ல மாட்டேங்குது?"

அவன் தட்டிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. அவளுக்குப் பயம் வந்துவிட்டது. கல்யாணமாகி அதுவரை கேட்க வேண்டியிராத ஒன்றை அவள் கேட்டாள்.

"எப்படி இருக்கு?"

தாண்டவன் கசப்பை மென்று விழுங்கினான். சாப்பாட்டுத் தட்டின் முன்னால் உட்கார்ந்து முதன்முதலாகப் பேச வாயைத் திறந்தான்.

"நல்லா இருக்கு."

அவள் நம்பவில்லை. குனிந்து அவன் தட்டிலிருந்து ஒரு துண்டை எடுத்து வாயில் போட்டாள். முகம் கோணிப்போயிற்று. அவனை நிமிர்ந்து பார்த்தாள்.

"கசக்குதுங்க."

"ஆமா."

"நல்லா இருக்குன்னீங்க."

"ஆமா. இன்னொரு கரண்டி போடு."

அவள் போட்டாள். அவன் ஒரு துண்டு விடாமல் சாப்பிட்டான். களியில் பாதியைத் தொடாமல் அவள் பக்கம் நகர்த்தினான். பிறகு, "கிணறு வத்திடுச்சு. வர வேணாம்னுட்டாரு," என்றான்.

"அதானா? வந்ததுமே சொல்லக் கூடாதா?" என்று அவள் கீழே உட்கார்ந்தாள். அன்றைக்கு இருவரும் ஒரே தட்டில் சாப்பிட்டார்கள். அவன் பேசிக்கொண்டே இருந்தான். பேச்சு வராத தொண்டையில் அவ்வளவு பேச்சு இருக்கும் என்று அவளும் நினைத்ததில்லை.

விடிந்ததும் தாண்டவன் கொல்லைக்கு ஓடினான். கூரையில் தொங்கிய பாகல் எல்லாம் தோல் முண்டும் முடிச்சுமாகிக் கிடந்தன. பேசிப் பார்த்தான். பதில் இல்லை. கத்தரியைக் கேட்டான். அதுவும் பேசவில்லை. ஒரு காய் இப்படி வாயை மூடிக்கொண்டதைப் பார்த்த மற்றக் காய்களுக்கும், எல்லாவற்றையும் சொல்லத்தான் வேண்டுமா என்று தோன்றியிருக்க வேண்டும். ஊரில் எந்தச் சமையற்கட்டிலும் அன்று சத்தமில்லை.

பூங்காவனம் பாகலைக் கைவிடவில்லை. நறுக்கி உப்புப் போட்டுப் பிசறி வைத்தாள். விழுங்கிய சொல்லில் கொஞ்சம் நீராகக் கசிந்து வந்தது. அதைப் பிழிந்துவிட்டு, புளி விட்டு, ஒரு துண்டு வெல்லம் போட்டுச் சமைத்தாள். "நமக்கு இவ்வளவு நாள் இனிப்புக் குடுத்துச்சு. நாம கொஞ்சம் குடுத்தா என்ன?" என்றாள்.

ஐப்பசியில் மழை வந்தது. கிணறு ஊறியது. ஒருநாள் காலையில் கூரை மூலையில் பறிக்காமல் விட்ட ஒரு பாகல் மஞ்சளாகப் பழுத்து, தானாக மூன்று பிளவாக வெடித்து வாய் திறந்திருந்தது. தாண்டவன் ஏறிப்போய் அதனிடம் காதை வைத்துக் கேட்டான். சத்தம் எதுவும் வரவில்லை. உள்ளே விதைகள் சிவப்புச் சதை போர்த்திக்கொண்டு இருந்தன. ஒன்றை எடுத்து நாக்கில் வைத்தான். இனித்தது. பதினோரு வருஷம் தின்ற அதே இனிப்பு.

பழத்தை உள்ளங்கையில் ஏந்திக்கொண்டு சமையற்கட்டுக்கு வந்தான். பூங்காவனமும் ஒரு விதையை வாயில் போட்டுக்கொண்டாள். பிறகு கேட்டாள்.

"அன்னிக்கு இது பேசாம வாயை மூடிக்கிச்சே, ஏதோ ஒரு சொல்லை விழுங்கியிருக்கும்ல? அது என்ன சொல்லு?"

தாண்டவன் தலையைக் குனிந்துகொண்டான்.

"நல்ல சொல்லு இல்ல."

"அப்ப வேணாம். அதுகிட்டயே இருக்கட்டும்." விதையை நாக்கில் உருட்டிக்கொண்டே அவள் கேட்டாள்: "இப்ப வாயைத் திறந்திருக்கே, என்ன சொல்லுது?"

"பிடிச்சிருக்குன்னு சொல்லுது," என்றான் தாண்டவன். "நேத்தைவிடக் கொஞ்சம் கூடவே."

அன்று முதல்தான் பாகல் காயில் கசந்து, பழுத்தபின் வாய் திறந்து, இனிப்பை விதையோடு வைத்திருக்கிறது. சமைத்தவர் கரண்டியைப் பிடித்தபடி நின்று எப்படி இருக்கு என்று கேட்பதும், சாப்பிடுகிறவர் தன் வாயாலேயே பதில் சொல்ல வேண்டியிருப்பதும் அன்று முதல்தான்.