கருவாலன் சொன்ன தூரம்

பனிமலைக்கு வடக்கே ஓர் ஏரி. அதில் வரித்தலை வாத்துக் கூட்டம் ஒன்று இருந்தது. ஏரி உறையத் தொடங்கியதும் அவை தெற்கே ஒரு குளத்துக்குப் புறப்பட்டன. அந்த வழி கருவாலன் என்ற வாத்துக்கு மட்டுமே தெரியும். மற்றவை எல்லாம் அந்த வருஷம் முட்டையிலிருந்து வந்தவை.

பனிமலையைத் தாண்டுவதற்குள் எல்லாவற்றுக்கும் இறக்கை கடுத்தது.

"இன்னும் எவ்வளவு தூரம்?" என்று நீலி என்ற இளம் வாத்து கேட்டது.

"இதோ, அந்தக் குன்றுக்குப் பின்னால்தான்!" என்றது கருவாலன்.

வாத்துகள் மூச்சைப் பிடித்துக்கொண்டு பறந்தன. குன்றுக்குப் பின்னால் வெறும் பொட்டல்தான் இருந்தது.

மறுநாள் கீழே பச்சைப் பசேலென்று ஒரு வயல் தெரிந்தது. "இறங்கி மேயலாமா?" என்று நீலி கேட்டது.

"எதற்கு? சாயங்காலம் குளத்திலேயே மேயலாம்!" என்றது கருவாலன்.

"கேட்டியா நீலி? சாயங்காலமே போயிடலாமாம்!" என்றது அதன் அண்ணன் செம்பன். அது மிச்சமிருந்த பலத்தையெல்லாம் கூட்டி முன்னால் பறந்தது.

சாயங்காலம் ஓர் ஆறுதான் வந்தது. செம்பன் மணலில் போய் விழுந்தது. நீலி ஓடிப்போய் அலகால் தட்டியது.

"அண்ணா, எழுந்திரு! தண்ணீர் குடி!"

"குளம் வந்துவிட்டதா?" என்று செம்பன் கேட்டது. பதில் வருமுன் அதன் கழுத்து சாய்ந்தது. பிறகு அது எழவே இல்லை.

கரையில் ஓர் ஆள்காட்டிக் குருவி நின்றது. நீலி அதனிடம் கேட்டது.

"தெற்கே இருக்கும் குளத்துக்கு இன்னும் எவ்வளவு நேரமாகும்?"

"நேரமா? வருஷா வருஷம் உங்களைப் போன்றவர்களைப் பார்க்கிறேன். பாதி வழிகூட வரவில்லையே நீங்கள்! இடையிடையே தங்கித் தின்று போனால், நிலவு ஒரு முறை தேய்ந்து வளர்ந்துவிடும்."

நீலி கருவாலன் பக்கம் திரும்பியது.

"உனக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"பின்னே ஏன் சொல்லவில்லை?"

"பயந்தேன். உள்ளதைச் சொன்னால் கிளம்பமாட்டீர்கள், பனியில் செத்துப்போவீர்கள் என்று நினைத்தேன்."

"கிளம்பியிருப்போம்! அந்த வயலில் இறங்கியிருப்போம். அண்ணனும் மெதுவாகப் பறந்திருப்பான்."

கருவாலன் தலையைத் தூக்கவில்லை. "இனி நான் முன்னால் போகவில்லை. வேறு யாராவது போங்கள்" என்றது.

"வழி தெரிந்தவன் நீ ஒருத்தன்தான். நீயே முன்னால் போ. ஆனால் நான் கேட்கும்போதெல்லாம் உள்ளதைச் சொல்."

இறக்கைக் கடுப்பு தீரும்வரை அவை ஆற்றங்கரையிலேயே கிடந்தன. பிறகு கிளம்பின. ஒவ்வொரு மாலையும் நீலி கேட்டது.

"இன்னும் எவ்வளவு?"

"ரொம்ப தூரம்" என்றது கருவாலன்.

அந்தப் பதிலைக் கேட்டு எந்த வாத்தும் மகிழவில்லை. ஆனால் எல்லாமே இறங்கின, மேய்ந்தன, தூங்கின. அதன் பிறகு எதுவும் வழியில் விழவில்லை.

கடைசியில் குளம் வந்தபோது ஆரவாரம் எழவில்லை. ஆழமில்லாத தண்ணீரில் இறங்கி, நின்றபடியே தூங்கிப்போயின. நீலி மட்டும் கொஞ்ச நேரம் வடக்கே பார்த்துக்கொண்டிருந்தது.

களைத்துப்போனவர்களுக்கு ஆறுதல் சொல்வதாக நினைத்துத் தூரத்தைக் குறைத்துச் சொல்லக்கூடாது. உள்ள தூரம் தெரிந்தால்தான் இருக்கிற பலத்தைப் பார்த்துச் செலவழித்து ஊர் போய்ச் சேர முடியும்.