வெள்ளைக்குட்டி யார் வீட்டுப் பிள்ளை?

மூங்கில் காட்டுக் குளத்தங்கரையில் ஒரு முயல் கூட்டம் வாழ்ந்தது. எல்லாம் கறுப்பு முயல்கள். தலைவர் கார்மேகத்துக்கு அந்தக் கறுப்பின் மேல் அப்படி ஒரு பெருமை! "எங்க வம்சத்துல மருந்துக்குக்கூட வேற நிறம் கிடையாது" என்று கேட்டவரிடமும் சொல்வார், கேட்காதவரிடமும் சொல்வார்.

அவருடைய மருமகள் அஞ்சலை ஐந்து குட்டிகள் போட்டாள். முயல் குட்டி பிறக்கும்போது மொட்டை. முடி அரும்பிய பிறகுதான் நிறம் தெரியும். எட்டாம் நாள் குட்டிகளை வளை வாசலில் வரிசையாகக் கிடத்திக் கூட்டத்துக்குக் காட்டுவது வழக்கம். அஞ்சலையும் கிடத்தினாள். நான்கு கறுப்பு. ஐந்தாவது, பால் வெள்ளை!

அந்தக் கூட்டத்தில் ஒரு பொல்லாத சட்டம் இருந்தது. கறுப்பில்லாத குட்டியை மொட்டைப்பாறையில் கொண்டுபோய் விட்டுவிட வேண்டும். "காடு வளர்த்துக்கும்" என்பார்கள். காடு எப்படி வளர்த்தது என்று எந்தப் புண்ணியவானும் போய்ப் பார்த்ததில்லை.

வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் ஒரு நரி உட்கார்ந்திருந்தது. கேட்காமலே நியாயம் சொல்வது அதன் வேலை.

"என்ன தலைவரே யோசனை? அப்பன் கறுப்பு, ஆத்தா கறுப்பு. வெள்ளை எங்கேருந்து வந்துச்சு? இது உங்க வீட்டுப் பிள்ளையே இல்ல! பொழுது சாயறதுக்குள்ள பாறைக்கு அனுப்பிடுங்க!"

கார்மேகத்தின் மீசை துடித்தது. "அஞ்சலை! என்ன இது?"

அஞ்சலை தன் கணவன் இருளப்பனைப் பார்த்தாள். அவன் புல்லைப் பார்த்துக்கொண்டு நின்றான். அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இனி யாரையும் நம்பிப் பயனில்லை, பிள்ளையைத் தானேதான் காப்பாற்ற வேண்டும் என்று முன்னால் வந்தாள்.

"மாமா, நான் பிறந்த கூட்டத்துல இந்தச் சட்டம் கிடையாது. எங்கம்மா வெள்ளை. எங்கப்பா கறுப்பு. நாங்க ஆறு பேரும் கறுப்பு. அப்ப அம்மாவோட வெள்ளை எங்க போச்சு?"

"செத்துப் போச்சு!" என்றது நரி.

"சாகல! எங்கக்கா கட்டினவர் கறுப்பு. ஆனா அவரோட அம்மா வெள்ளை. அக்காவுக்கு வெள்ளைக்குட்டி பிறந்துச்சு. என் தங்கச்சி புருஷன் வீட்டுல எல்லாரும் கறுப்பு. அவளுக்கு முப்பது குட்டி பிறந்தாச்சு, ஒண்ணுகூட வெள்ளை இல்ல. ஏன்?"

பதிலையும் அவளே சொன்னாள்.

"ஒவ்வொரு குட்டிக்கும் அப்பா ஒரு பங்கு தர்றார், அம்மா ஒரு பங்கு தர்றா. கறுப்புப் பங்கு முரடு. ஒண்ணு இருந்தாலே உடம்பு முழுக்க அதுதான் தெரியும். வெள்ளைப் பங்கு சாது. அடியில பதுங்கிக்கும். ரெண்டு பக்கத்திலேருந்தும் வெள்ளையே வந்து சேர்ந்தாத்தான் வெளியில தெரியும்!"

"கேட்டீங்களா! வெள்ளை தன்கிட்ட இருக்குன்னு அவளே ஒத்துக்கிட்டா!" என்று நரி குதித்தது.

"என்கிட்ட மட்டும் இருந்திருந்தா இவன் என்னை மாதிரி கறுப்பால்ல இருப்பான்? வெள்ளையா இருக்கானே! இன்னொரு பங்கு உங்க வீட்டிலேருந்துதான் வந்திருக்கு மாமா. உங்க வீட்டுல வெள்ளை யாருமே இருந்ததில்லையா? நல்லா யோசிச்சுச் சொல்லுங்க."

கார்மேகம் "கிடையாது" என்று சொல்ல வாயெடுத்தார். அதற்குள் கண் திறக்காத வெள்ளைக்குட்டி தட்டுத் தடுமாறி ஊர்ந்து வந்து அவர் காலோடு ஒட்டிக்கொண்டது. கதகதப்பைக் கண்டதும் அப்படியே தூங்கிவிட்டது.

"எனக்கு ஒரு தம்பி இருந்தான்" என்றார் கார்மேகம். "வெள்ளை. எட்டாம் நாள் தூக்கிட்டுப் போனாங்க. நானும் பின்னாடியே ஓடினேன். பாதி வழியில என்னை விரட்டிட்டாங்க. அதுக்கப்புறம் வீட்டுல அவனைப் பத்திப் பேச்சே இல்ல. நானும் பேசல."

அஞ்சலையின் கோபம் அந்த நொடியே வடிந்தது. "உங்க தம்பிக்கு வெளியில தெரிஞ்சது, உங்களுக்குள்ள ஒளிஞ்சிருந்திருக்கு மாமா. உங்க மகனுக்குள்ள வந்து, இப்ப பேரன்கிட்ட தெரியுது."

நரிக்குப் பொறுக்கவில்லை. "பழங்கதை எதுக்கு? வெள்ளை முயல் கறி பஞ்சு மாதிரி இருக்கும்னு எங்க தாத்தாவே…" சட்டென்று நாக்கைக் கடித்துக்கொண்டது. கடித்து என்ன பயன்! எல்லார் காதிலும் விழுந்துவிட்டது.

கார்மேகம் பின்னங்காலால் தரையை ஓங்கி ஒரு உதை உதைத்தார். அடுத்த கணம் நாற்பது முயல்களும் திரும்பி நின்று மண்ணை வாரி இறைத்தன. கண்ணிலும் வாயிலும் மண்ணோடு நரி ஓடிய ஓட்டம் இருக்கிறதே, அதைச் சொல்லி மாளாது!

"இன்னையோட அந்தச் சட்டம் செத்துச்சு!" என்றார் கார்மேகம்.

இருளப்பன் மெல்ல வந்தான். "நான் வாயைத் திறந்திருக்கணும்…"

"ஆமா, திறந்திருக்கணும்!" என்று வெடுக்கென்று சொன்னாள் அஞ்சலை. சொல்லிவிட்டு, அவன் உட்காரத் தன் பக்கத்தில் கொஞ்சம் இடமும் விட்டாள்.

கார்மேகம் மட்டும் இடத்தை விட்டு நகரவில்லை. காலடியில் தூங்குகிறதே குட்டி!

"அஞ்சலை, என் தம்பிக்குப் பேர் வைக்கறதுக்குள்ள தூக்கிட்டுப் போயிட்டாங்க" என்றார். "இவனுக்கு நான் பேர் வைக்கட்டுமாம்மா?"

கண்ணுக்குத் தெரியாதது இல்லாமல் போய்விடுவதில்லை. நிறத்தைப் பார்த்துப் பிள்ளையை ஒதுக்குகிறவர் தன் சொந்த ரத்தத்தையே ஒதுக்குகிறார்.