தானாக இறங்கிய கை

நாமக்கல் பக்கம் ஒரு கல்குவாரியில் பழைய பொக்லைன் ஓட்டியவர் செங்கோடன். காலையில் பாறையைப் புரட்டும் அந்த எந்திரம், சில மாதங்களாக மதியத்துக்குமேல் பலமிழந்து திணறியது. எந்திரத்தின் கையைத் தூக்கித் தாங்கும் எண்ணெய் சூடானால் உள்ளே கசிகிறது என்று அவர் சொல்லியும் மேலாளர் வரதராசு கேட்கவில்லை.

"எந்திரம் கொட்டாவி விடுமா? சாப்பிட்டுட்டு நீதான் தூங்கறே!" என்று ஒருநாள் காலை எல்லார் முன்னாலும் கத்தினார். "சாயங்காலத்துக்குள்ள நிரூபி. இல்லேன்னா கிளம்பு."

செங்கோடன் நேராக எந்திரத்தில் ஏறினார். கல் நிரம்பிய வாளியை உயரத் தூக்கி, இன்ஜினை அணைத்துவிட்டு இறங்கினார். அரைமணி நேரம் எந்திரத்தின் கை அசையவில்லை.

"நல்லாத்தானே நிக்குது!" என்று வரதராசு சிரித்தார்.

மதியம் மூன்று மணிக்கு, வேலை செய்து சூடேறிய எந்திரத்தை அதேபோல் நிறுத்தி, சாவியை மேலாளரிடமே கொடுத்தார். எல்லாரும் தள்ளி நின்று பார்க்க, கை மெல்ல மெல்ல இறங்கித் தரையைத் தொட்டது.

"சீட்டுல யாருமே இல்லீங்களே. இப்பத் தூங்கறது யாருங்க?"

கல்லுடைப்பவர்கள் சிரித்துவிட்டார்கள். வரதராசுவின் முகம் கறுத்தது. "சரி, எண்ணெய் கசியற ரப்பர் சீல் எல்லாத்தையும் மாத்திரலாம். ஏறு."

செங்கோடன் ஏறவில்லை. "சீல் அப்புறம் மாத்திக்கலாமுங்க. எல்லார் முன்னாலயும் சொன்ன வார்த்தையை, எல்லார் முன்னாலயும் வாபஸ் வாங்குங்க."

வரதராசு வாங்கினார். அதுவரை குவாரியில் ஒரு கல்லும் நகரவில்லை.