பாறைமேல் நின்ற நீர்நாய்

இந்தக் கதையைச் சொல்கிறவனுக்கே பல வருடங்களாக இதில் ஒரு சந்தேகம் உண்டு. அவனுக்கு இதைச் சொன்னவர் ஒரு கொக்கு. யார் எந்தக் கரையில் நின்றார்கள், யார் முகம் எப்போது வாடியது என்று எல்லாவற்றையும் பிசகாமல் சொல்வார். இவ்வளவு சுத்தமாக ஒரு கதை இருக்க முடியுமா என்று அவன் யோசித்தான். யோசித்து யோசித்துத் தலை நரைத்ததுதான் மிச்சம். கதை இதுதான்.

காட்டின் நடுவே ஓர் ஏரி. ஏரிக்கு ஒரு மடை. மடையைத் திறந்து மூட ஒரு காவலர். அந்தப் பதவியில் கொம்பையா என்ற காட்டுப்பன்றி இருந்தார். கோடையிலும் அவர் மடையை அகலத் திறந்து வைப்பார். கீழே அவர் கூட்டம் புரள்வதற்குச் சேறு வேண்டுமே!

ஏரியின் மேல்கோடியில், கோரைக்குள், ஒரு நீர்நாய்க் குடும்பம் இருந்தது. தாய், மகள் அயிரை, மகன் துடுப்பன். தண்ணீர் குறைந்தால் முதலில் வற்றுவது அவர்கள் பக்கம்தான். போன கோடையில் வயிறு நனையும் அளவுக்குத்தான் தண்ணீர் மிஞ்சியது. இன்னொரு கோடை அப்படிப் போனால் வீட்டை விட்டுக் கிளம்ப வேண்டியதுதான் என்று தாய் சொல்லிவிட்டாள்.

துடுப்பன் மலைக்கு அந்தப் பக்கம் ஆலமரத்தடிக் கல்லூரியில் அரசியல் படித்துக்கொண்டிருந்தான். அவன் வம்சத்தில் கல்லூரிக்குப் போனவன் அவன் ஒருவன்தான். பாடம் நடத்தியவர் அந்தக் கொக்கு. அவருக்கும் இதே ஏரிதான் சொந்த ஊர்.

முதல் வருடம், அரசு என்றால் என்ன என்று படித்தார்கள். இரண்டாம் வருடம், அதைப் பற்றி யார் யார் என்ன சொன்னார்கள் என்று படித்தார்கள். மூன்றாம் வருடம், அவர்கள் சொன்னதெல்லாம் ஏன் போதாது என்று படித்தார்கள். துடுப்பனுக்கு அலுப்பாக இருந்தது. கண் எரிந்தது. ஆனாலும் மதிப்பெண் வந்துகொண்டிருந்தது. அதனால் நிறுத்தவும் மனம் வரவில்லை.

ஏரியில் தேர்தல் நடக்கும் விதம் எளிமையானது. இருக்கிறவரே போதும் என்பவர்கள் கிழக்குக் கரையில் நிற்க வேண்டும். புதியவர் வேண்டும் என்பவர்கள் மேற்குக் கரையில் நிற்க வேண்டும். தேர்தலை நடத்தும் மிளா மான் நடந்துபோய் எண்ணுவார். இரண்டு கரையிலும் நிற்காமல் வேடிக்கை பார்ப்பவர்களை, இருக்கிறவருக்கு ஆதரவு என்று கணக்கில் சேர்த்துக்கொள்வார். யார் ஜெயிக்கிறார்கள் என்று பார்த்துவிட்டுக் கடைசியில் ஓடிவந்து ஒட்டிக்கொள்கிறவர்களுக்காக முன்னோர்கள் வைத்த விதி அது. துடுப்பன் இந்த விதியைப் பற்றித் தேர்வில் பக்கம் பக்கமாக எழுதியிருந்தான். கொக்கு அதை வகுப்பில் வாசித்துக்காட்டிப் பாராட்டினார்.

அந்த வருடம் கொம்பையாவை எதிர்த்துப் பொறுமாயி என்ற ஆமை நின்றாள். கோடையில் மடையைப் பாதிதான் திறப்பேன் என்றாள். அயிரை புதர் புதராகப் போய் அவளுக்கு ஆதரவு கேட்டாள். தவளைகள் யோசித்துச் சொல்கிறோம் என்றன. நத்தைகள் வருகிறோம் என்றன, ஆனால் இப்போதே கிளம்பினால்தான் முடியும் என்றன. இரண்டு பக்கமும் சரிசமமாக இருக்கிறது, உடனே வா என்று அயிரை தம்பிக்குச் சொல்லி அனுப்பினாள்.

துடுப்பன் வந்தான். ஆனால் கையோடு ஒரு வேலையையும் கொண்டுவந்தான். பட்டம் வாங்க ஒரு கள ஆய்வு செய்தாக வேண்டும். சொந்த ஊர்த் தேர்தலையே ஆராயும்படி கொக்கு சொல்லியிருந்தார். ஆராய்கிறவன் பக்கம் சேரக் கூடாது, இரண்டு கரையும் தெரிகிற இடமாகப் பார்த்து நிற்க வேண்டும் என்றும் சொல்லியிருந்தார்.

இது எப்படியோ கொம்பையா காதுக்குப் போயிற்று. வழியில் துடுப்பனைப் பார்த்ததும் அவர் பல்லெல்லாம் தெரியச் சிரித்தார்.

"வாங்க தம்பி. படிச்ச பிள்ளை நீங்க. ஊரே ரெண்டா பிரிஞ்சு கத்திக்கிட்டு இருக்கு. உங்களை மாதிரி நடுவுல நின்னு பார்க்க ஒருத்தர் வேணாமா? எனக்காகக்கூட நீங்க பக்கம் சாயக் கூடாது."

துடுப்பனுக்கு அவர்மேல் கொஞ்சம் மரியாதையே வந்துவிட்டது. ஒரு பன்றிக்கு இவ்வளவு பக்குவமா என்று வியந்துகொண்டே போனான்.

தேர்தல் காலையில் அவன் ஏரி நடுவிலிருந்த பாறைமேல் ஏறி நின்றான். அங்கிருந்து இரண்டு கரையும் நன்றாகத் தெரிந்தன. கிழக்கே பன்றிகள், எருமைகள், பயந்துபோய்ச் சேர்ந்த சில முயல்கள். மேற்கே ஆமைகள், தவளைகள், மூச்சிரைக்க வந்து சேர்ந்த நத்தைகள். அவன் அம்மா முன்வரிசையில் நின்று அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அயிரை கரையிலிருந்து கத்தினாள்.

"டேய் துடுப்பா, இறங்கி வாடா! மூணு வருஷம் படிச்சு, பாறை ஏறத்தான் கத்துக்கிட்டியா?"

பக்கத்தில் நின்ற தவளைகள் சிரித்தன. துடுப்பனுக்கு முகம் சுண்டியது.

"அக்கா, நான் வேடிக்கை பார்க்க வரல. ஆராய்ச்சி பண்றேன்."

"மிளாவுக்கு ரெண்டும் ஒண்ணுதான்டா."

விதி அவனுக்கு மறக்கவில்லை. வரிக்கு வரி ஞாபகம் இருந்தது. ஆனால் அது வேடிக்கை பார்ப்பவர்களுக்கான விதி, விதியையே ஆராய்கிறவனுக்கு அல்ல என்று அவன் நினைத்தான். இறங்கினால் மூன்று வருடப் படிப்பும் வீண் என்று தோன்றியது. எப்படியும் ஆமை ஜெயித்துவிடுவாள் என்றும் தோன்றியது. ஒரு முறை காலைத் தண்ணீரில் வைத்தான். பிறகு எடுத்துக்கொண்டான்.

மிளா கிழக்கை எண்ணினார். மேற்கை எண்ணினார். சந்தேகப்பட்டு இன்னொரு தடவையும் எண்ணினார். இரண்டும் சமமாக இருந்தன. மிளா மெல்லத் தலையைத் திருப்பிப் பாறையைப் பார்த்தார்.

"இந்த ஒன்று, இருக்கிறவருக்கு," என்றார்.

கொம்பையா மறுபடியும் காவலர் ஆனார். துடுப்பன் பாறையிலிருந்து குதித்து நீந்தி வந்து, தான் மேற்குக் கரைதான், மனதால் மேற்குக் கரைதான் என்று மிளாவிடம் சொல்லிப் பார்த்தான். மனதை எண்ணும் வழக்கம் இங்கே இல்லை என்று மிளா சலிப்போடு சொல்லிவிட்டுப் போனார்.

கோடை வந்தது. மடை அகலத் திறந்தது. கீழே சேறு தளதளவென்று இருந்தது. மேல்கோடியில் கோரை காய்ந்து, தரை பாளம் பாளமாக வெடித்தது. நீர்நாய்களுக்கு நீந்தத் தெரியும், தூரம் நடக்கத் தெரியாது. ஆனாலும் நடக்க வேண்டியதாயிற்று. மலைக்கு அப்பால் இருக்கும் ஆற்றுக்கு அயிரை தாயை அழைத்துக்கொண்டு கிளம்பினாள். தாயின் பாதங்கள் சுடு மணலில் கொப்பளித்திருந்தன. அவள் மகனைத் திட்டவில்லை. அதுதான் அவனுக்குத் தாங்கவில்லை.

பாதி வழி வரை துடுப்பன் கூடவே நடந்தான். தன் ஆய்வுக்கு முதல் வகுப்பு கிடைத்ததைச் சொல்லலாமா வேண்டாமா என்று தயங்கி, கடைசியில் சொல்லிவிட்டான்.

அயிரை நின்றாள். அவளுக்குக் கோபப்படவும் தெம்பில்லை.

"நல்லா எழுதியிருப்பே. அதுல நாங்க எங்கடா வர்றோம்?"

அவர்கள் மேட்டில் ஏறி மறையும் வரை துடுப்பன் அங்கேயே நின்றான்.

கொக்கு ஒவ்வொரு வருடமும் புதிதாக வரும் மாணவர்களுக்கு இந்தக் கதையைச் சொல்வார். "எந்தப் பக்கமும் சேராமல் நிற்கிறேன் என்பவன் வலியவன் பக்கத்தில்தான் நிற்கிறான்" என்று அழுத்தமாகச் சொல்லி முடிப்பார். மாணவர்கள் எழுதிக்கொள்வார்கள். இந்தக் கதையைச் சொல்கிறவனும் ஒரு காலத்தில் அங்கே உட்கார்ந்து எழுதிக்கொண்டவன்தான். வருடங்கள் போய், இருவருக்கும் வயதான பிறகு ஒரு நாள், அவன் கொக்கைத் தேடிப் போனான். பக்கத்தில் உட்கார்ந்தான். பிறகு கேட்டான்:

"ஐயா, அது உங்களுக்கும் சொந்த ஊர்தானே? அன்றைக்கு நீங்கள் எந்தக் கரையில் நின்றீர்கள்?"